ஞாயிற்றுக்கிழமை வினாக்கள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ஒரு குமாஸ்தாவை அழைத்துப் பொது அறிவைப் பற்றிப் பேசச் சொன்ன செயலாளரின் துணிவை முதற்கண் பாராட்டுகிறோம். பேராசிரியர்கள் நிரம்பிய கரக்பூரில் அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், யாரோ யாரையோ கேட்கும் வினாக்களுக்கு வீட்டில் அமர்ந்தவாறே விடை கூறி, வாரந்தோறும் தோற்றுப்போன அனுபவம் எங்களுக்கு நிரம்ப உண்டு. அந்தத் தகுதி ஒன்றே இங்கு நிற்கும் துணிவைத் தந்தது.

வினாடி வினா என்னும் விளையாட்டு நம் நாட்டில் வேரூன்றியது நமக்கு அண்மையிலுள்ள கல்கத்தாவில்தான். 1967-இல் பார்க் சர்க்கஸ் பகுதித் தேவாலயக் கூடம் ஒன்றில் நீல் ஓ'பிரையன் அவர்கள் ஒரு போட்டியை நடத்தினார். 1972-இல் பள்ளி மாணவர்களுக்காகப் போர்ன்விட்டா வினாடி வினா தொடங்கிற்று; வானொலியில் அதை ஹமீது சயானி நடத்தினார். 1975-இல் அவர் மறைந்தபின் தம்பி அமீன் சயானி ஏற்றுக்கொண்டார். 1990-களில் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது நடத்தியவர் டெரிக் ஓ'பிரையன். முன்பு சொன்ன நீல் அவர்களின் மைந்தர்.

அக்காலத்தில் நம் குடியிருப்பின் ஒரு வரிசைக்கு ஒரு வீட்டில்தான் கேபிள் இணைப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவ்வீட்டுக் கூடத்தில் இருபது பேராவது கூடுவோம். சிறுவர்கள் தரையில், பெரியவர்கள் நாற்காலியில், தாய்மார்கள் அடுக்களை நிலைப்படியில். மூத்த அக்கா ஒருவர் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்து, யார் எதைச் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்வார். மணி அடிக்குமுன் சொன்ன விடைக்கே மதிப்பெண். விடை அறிவித்தபின், "இதைத்தான் நான் நினைத்தேன், நாக்கு நுனியில் நின்றது" என்பவருக்கு மதிப்பெண் இல்லை. இந்த விதியைக் கொண்டுவந்ததே பார்சல் அலுவலகத்து அன்பர் ஒருவருக்காகத்தான். உலகத்துத் தலைநகரங்கள் யாவும் அவருடைய நாக்கு நுனியில் குடியிருந்தன!

வினாக்கள் ஆங்கிலத்தில் வரும். நிலைப்படியில் இருந்தவர்களுக்காக ஒருவர் உடனே தமிழில் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் திரையில் விடையே வந்துவிடும். எனினும் சில நாள்களில் அந்த நிலைப்படியே வென்றது. ஒருமுறை பெருங்காயம் எதிலிருந்து கிடைக்கிறது என்ற வினா வந்தது. நாற்காலிகள் விழித்தன. "ஒரு செடியின் வேரில் வடியும் பால்தானே?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. 'காட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல்லின் தாய்மொழி எது என்று கேட்ட அன்றோ, மொழிபெயர்ப்புக்கே தேவையிருக்கவில்லை; கட்டுமரம் என்று கூடமே கூவிற்று.

இனி, நாங்கள் பெருமையோடு சொல்ல இயலாத ஒரு செய்தி. அது 1996-ஆம் ஆண்டுக் கோடைக்காலம். நிகழ்ச்சியின் நடுவே மின்சாரம் நின்றது. பொழுது போகவேண்டுமே என்று எங்களுக்குள்ளேயே வினாக்கள் கேட்டுக்கொண்டோம். "உலகிலேயே மிக நீளமான நடைமேடை எது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். இது ஒரு கேள்வியா? நாள்தோறும் நம் காலடியில் கிடக்கும் கரக்பூர் நடைமேடை, 1072.5 மீட்டர்! எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னோம். கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மட்டும், "சோன்பூர்" என்றார்.

நாங்கள் சிரித்தோம். "தாத்தா, வண்டியைத் தவறவிட்டுவிட்டீர்களே!" என்று ஒருவன் சொல்ல, மீண்டும் சிரித்தோம். பெரியவர் மறுமொழி கூறவில்லை. விசிறியை மடியில் வைத்துக்கொண்டு சிறிதுநேரம் இருந்தார். மின்சாரம் வருமுன் எழுந்து போனார். அடுத்த ஞாயிறு அவர் நாற்காலி காலியாக இருந்தது. அதன் பிறகும் அவர் வரவில்லை. சில ஆண்டுகளில் குடும்பத்தோடு திருச்சி பொன்மலைக்குச் சென்றுவிட்டார்.

2013 அக்டோபரில் கோரக்பூரில் 1366 மீட்டர் நீளமுள்ள நடைமேடை திறக்கப்பட்டது. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வினாடி வினா நம் சங்க வாசகசாலைக்கு மாறியிருந்தது. அதே வினா மீண்டும் வந்தது; கரக்பூர் என்றோம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளே எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று யாருடைய முகம் நினைவுக்கு வந்தது என்று சொல்லத் தேவையில்லை. வாசகசாலை அலமாரியைக் கிளறினோம். அட்டை கிழிந்த பழைய பொது அறிவு நூல் ஒன்றில், உலகின் மிக நீளமான நடைமேடை சோன்பூர் என்றே அச்சாகியிருந்தது. கரக்பூர் நடைமேடையும் பிறந்தபோதே இத்தனை நீளமாகப் பிறக்கவில்லை. முதலில் 716 மீட்டர், பின்பு 833, அதன்பின்னரே 1072.5.

நான்கு பேர் கையெழுத்திட்டுப் பொன்மலைக்குக் கடிதம் எழுதினோம். மூன்று வாரம் கழித்து அவர் மகளிடமிருந்து பதில் வந்தது. தந்தை காலமாகி நான்காண்டுகள் ஆயினவாம். கடிதத்தைத் தாயாருக்குப் படித்துக் காட்டினாராம். கல்யாணமான புதிதில் சோன்பூர்ச் சந்தை பார்க்க இருவரும் போனதையும், வண்டியிறங்கி அந்த நடைமேடையில் நடந்து நடந்து கால் வலித்ததையும், "உலகத்திலேயே நீளமான மேடையில் உன்னை நடக்க வைத்துவிட்டேன்" என்று அவர் சொன்னதையும் அந்த அம்மையார் நினைவுகூர்ந்தாராம். அக்கடிதம் சங்கத்துக் கோப்பில் இன்றும் இருக்கிறது.

அன்றுமுதல் நம் வாசகசாலைக் கரும்பலகையில் எழுதப்படும் ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் ஓர் ஆண்டு எழுதப்படுகிறது. இதைக் கேலி செய்தவர்களும் உண்டு. இந்தியாவில் மாநிலங்கள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். 2000 நவம்பருக்கு முன் பள்ளி சென்றவர் 25 என்பார். அதற்குப் பின் சென்றவர் 28 என்பார். 2014-இல் தெலங்கானா பிறந்தபின் 29. 2019-இல் ஜம்மு-காஷ்மீர் ஒன்றியப் பகுதிகளானபின் மறுபடியும் 28. சூரியனைச் சுற்றும் கோள்கள் ஒன்பது என்று பிரம்படி வாங்கி மனப்பாடம் செய்தோம்; 2006-இல் வானியல் அறிஞர்கள் கூடிப் புளூட்டோவைக் கீழிறக்கிவிட்டனர். வாங்கிய அடியை யார் திருப்பித் தருவது?

ஆண்டு மட்டும் போதாது, சொல்லும் வேண்டும். இந்தியாவின் முதல் இரயில் எது என்ற வினாவால் சென்ற ஆண்டு நம் அன்பர் இருவர் இரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர், 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடிய வண்டி என்றார். மற்றவர், 1837-லேயே நம் சென்னைச் செங்குன்றத்தில் கல் ஏற்றிச் செல்லத் தண்டவாளம் இட்டாயிற்று என்றார். இருவரும் சரியே. பயணிகள் வண்டியா, பாரவண்டியா என்று வினாவில் எழுதாத எங்கள் மீதுதான் பிழை. அந்த வாரம் இருவருக்கும் மதிப்பெண் கொடுத்துச் சமாதானம் செய்துவைத்தோம். காப்பிச் செலவு சங்கத்தைச் சார்ந்தது.

கைப்பேசியைத் தட்டினால் விடை வரும் காலத்தில் இந்த ஆட்டம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வாசலில் ஒரு மூங்கில் கூடை வைத்திருக்கிறோம். கைப்பேசிகள் அதில் உறங்கும். ஒரு மணி நேரம் தெரியாது என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதில் உள்ள இன்பத்தை வந்தவர்கள் அறிவார்கள்.

இன்று மாலை நடைபெறும் போட்டிக்கும் கூடை உண்டு. வினாத்தாள்கள் மேடைக்கு இடப்புறம் மேசைமேல் இருக்கின்றன. பென்சிலை அவரவரே கொண்டுவர வேண்டும். முதல் வினா எது என்று இப்போதே சொல்லிவிடுகிறோம்: மிக நீளமான நடைமேடை. 2023 மார்ச்சில் 1507 மீட்டரோடு ஹூப்ளி முன்னே போய்விட்டது என்பதைச் சிறுவர்கள் அறிவார்கள். கரக்பூர் என்றோ சோன்பூர் என்றோ எழுதும் பெரியவர்களுக்கு அரை மதிப்பெண் உண்டு. எந்தக் காலத்தில் என்பதையும் சேர்த்து எழுதினால் முழு மதிப்பெண்.