கங்காணி: ஒரு பதவிப்பெயரின் வரலாறு



பண்டை உரோமப் படையில் 'செஞ்சூரியன்' என்றொரு தலைவன் இருந்தான். இலத்தீனில் நூற்றைக் குறிக்கும் 'கெந்தும்' என்பது இப்பெயரின் வேர். தமிழ் விவிலியம் இவனை 'நூற்றுக்கு அதிபதி' என்றது. ஆயினும், பேரரசுக் காலத்தில் அவன்கீழ் நின்றோர் ஏறத்தாழ 80 பேரே. எண் மாறியும் பெயர் மாறவில்லை.

நம் கெடாத் தோட்டங்களிலும் அத்தகைய பதவிப்பெயர் ஒன்று உண்டு, அதுவே 'கங்காணி'. கண் + காண் + இ என இதனைப் பகுக்கலாம். 'மரங்கொத்தி' என்பதிற்போல, ஈற்று இகரம் வினைசெய்வோரைக் குறிக்கும். நிலத்தைக் குறிக்கும் 'காணி'க்கும் இதற்கும் தொடர்பில்லை. பேச்சில், ககரத்தின்முன் நின்ற ணகரமெய் அதன் இனமாகிய ஙகரமெய்யாகத் திரிந்து, 'கண்காணி' 'கங்காணி' ஆயிற்று.

சோழர் கல்வெட்டுகளில் கண்காணி என்பார், கோயிற் காரியங்களை மேற்பார்த்தவர். கடாரத்தின்மீது இராசேந்திரன் படையெடுத்த 1025ஆம் ஆண்டுக் காலத்திலும் வழங்கிய சொல் இது. பின்னர், இலங்கைக் காப்பித் தோட்டங்களிலும் மலாயா இரப்பர்த் தோட்டங்களிலும் ஊரிலிருந்து ஆள்திரட்டி வந்து வேலைவாங்கியவருக்கு இப்பெயர் ஆயிற்று. வேலைக்கு வந்தோர் தலைக்கு இவ்வளவு என அவருக்குக் காசு கிடைத்தது. கண்ணாற் பெயர்பெற்றவர் தலையெண்ணுபவராக மாறினார். 1938இல் இந்திய அரசு ஆள்திரட்டலுக்குத் தடைவிதித்தது. தோட்டத்தில் பெயர் மட்டும் நின்றது.

சுங்கைப்பட்டாணிக்கு அருகில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, அச்சொல்லை எப்போதும் குரல் தாழ்த்தியே சொல்வார். அந்தத் தாழ்ந்த குரலை எந்த அகராதியும் பதியவில்லை. விடியுமுன் பெயர் கூப்பிடும் அணிவகுப்பைப் 'பெரட்டு' என்பார். படைவீரரின் 'பரேடு' என்பதன் திரிபு அது. குடியிருப்பு வரிசை 'லயம்' ஆனது, 'லைன்' என்பதிலிருந்து.

இன்று தேர்வறையில் நிற்பவரைக் 'கண்காணிப்பாளர்' என்கிறோம். வேர் ஒன்றே, அச்சம் மட்டும் ஒன்றில் தங்கிவிட்டது. அதிகாரம் எவ்வாறு நடந்துகொண்டதோ அவ்வாறே அதன் பெயருக்குப் பொருள் அமைகிறது.

மாணவர்களே, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி வருகின்றன. உங்கள் வீட்டு முதியோரிடம் இத்தகைய பத்துச் சொற்களைக் கேளுங்கள். பொருளோடு, அவர்கள் எந்தக் குரலில் சொன்னார்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.