கோவை மில் குடும்பங்களும் ஆவணத் தடங்களும்

கோவையில் இயந்திர நூற்பு 1888-இல் வேர்விட்டது. அந்த ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் நிறுவிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில், ஊர்வாயில் ஸ்டேன்ஸ் மில் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காளீசுவரா மில், லட்சுமி மில், ரங்கவிலாஸ் மில் என்று வரிசை நீண்டது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், ஒண்டிப்புதூர் வட்டாரமெங்கும் ஆலைகள் பெருகின. இவற்றைத் தொடங்கியவர்களின் குடும்ப வரலாறு நூல்களிலும் நினைவு மலர்களிலும் கல்லூரிப் பெயர்ப் பலகைகளிலும் நிலைத்திருக்கிறது. கார்டிங்கிலும் ரிங் ஃப்ரேமிலும் ரீலிங்கிலும் நின்று நூல் நூற்ற குடும்பங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. மூன்று நான்கு தலைமுறை மில் சங்கு கேட்டு எழுந்த வீடுகளிலேயே கொள்ளுத்தாத்தாவின் பெயர் மறந்துபோயிருக்கிறது. அந்தப் பெயர் எந்தத் தாளில் கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இங்கிலாந்தில் இக்கேள்விக்கு விடை எளிது. 1538 முதல் ஊர்க்கோயில்கள் திருமுழுக்கையும் திருமணத்தையும் அடக்கத்தையும் எழுதி வைத்தன. 1837 முதல் அரசே பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதிவு செய்தது. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் வயதும் தொழிலும் இருக்கின்றன. அத்தாள்கள் நூறு ஆண்டு கழிந்ததும் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-இல் அப்படித்தான் திறக்கப்பட்டது. லங்காஷயரில் தறி ஓட்டிய ஒரு குடும்பத்தை, அவர்கள் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், எந்தக் குழந்தை எந்த வயதில் ஆலைக்குப் போனது என்பது வரை தொடர்ந்து செல்லலாம். இந்தியாவில் 1871 முதல் கணக்கெடுப்பு நடந்தும் அந்த வசதி இல்லை. எண்ணிக்கை அச்சேறியது, வீட்டுவாரித் தாள்கள் காக்கப்படவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிமனிதர் விவரத்தை யாரும் பார்வையிடவும் முடியாது.

இந்த வேறுபாட்டின் அளவைக் கோவையை அடுத்த போத்தனூரில் காணலாம். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன இருப்புப்பாதை 1862-இல் இவ்வழியே நிறைவுற்றது. போத்தனூர் ரயில்வே ஊராயிற்று. அங்கே எஞ்சின் ஓட்டிய ஆங்கிலேயர் இங்கிலாந்தின் உழைக்கும் வகுப்பிலிருந்து வந்தவர்; செல்வரும் அல்லர், அதிகாரியும் அல்லர். ஆனால் அவர் குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்தால் அதன் படி சென்னை வழியாக லண்டனுக்குப் போயிற்று. சென்னை மாகாணத்து ஐரோப்பியரின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் பற்றிய அப்படிகள் 1698 முதல் தொடங்கி, இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. அதே எஞ்சினில் அவர் பக்கத்தில் நின்று கரி தள்ளிய தமிழரின் பிள்ளைக்கு அப்படியொரு தாள் லண்டனுக்குப் போகவில்லை. இருவரும் ஒரே புகையைக் குடித்தார்கள். ஒருவர் வம்சம் மட்டும் எழுத்தில் நின்றது. உள்ளூர்த் திருச்சபைப் பதிவேடுகள் இதற்கு ஓரளவு விலக்கு. கோவையில் லண்டன் மிஷன் 1830 முதல் இயங்கியது. கத்தோலிக்க மறைமாவட்டத்தின் பங்குகளும் நீண்ட காலமாகப் பதிவேடு வைத்திருக்கின்றன. கிறித்தவக் குடும்பங்களுக்கு அவை பெருந்துணை. மற்றவர்கள் வேறு வாசல்களைத் தேட வேண்டும்.

முதல் வாசல் வீடுதான். எந்த அலுவலகத்துக்கும் போகுமுன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்ப்பதே முறை. பழைய பங்கீட்டு அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், புரோநோட்டு, வீட்டுவரி ரசீது ஆகியவற்றோடு அடிக்கடி கிடைப்பது மொய் நோட்டு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எழுதிய அந்த நோட்டில் மொய் வைத்தவர் பெயரோடு ஊர்ப்பெயரும் இருக்கும். சூலூர், பல்லடம், அவிநாசி, காங்கயம் என்று எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் வந்திருக்கிறார்களோ, குடும்பம் அங்கிருந்து நகரத்துக்கு வந்திருக்க வாய்ப்புண்டு. தாய்மாமன் சீர் எழுதிய பக்கம் பெண்வழி உறவைக் காட்டுகிறது. அரசு ஆவணம் எதுவும் அவ்வளவு தெளிவாக அதைக் காட்டுவதில்லை. ஊர்க்கோயில் நோன்புக்கு வசூலித்த தலைக்கட்டு வரி நோட்டும் இத்தகையதே. அதில் குடும்பத் தலைவர் பெயர் ஆண்டுதோறும் வரும். ஒரு பெயர் நின்று மகன் பெயர் தொடங்கும் ஆண்டைக் கொண்டு ஒரு சாவையோ பாகப்பிரிவினையோ ஊகிக்கலாம். வரலாற்றுத் துறைகள் இந்த நோட்டுகளை ஆவணமாகவே மதிக்காதது பெரிய இழப்பு. கொங்குச் செப்பேடுகளையும் ஓலைப் பட்டயங்களையும் ஊர் ஊராகத் தேடித் தொகுத்த புலவர் செ. இராசுவின் உழைப்பு மொய் நோட்டுக்கும் வேண்டும்.

முதியவர்களின் சொல்லும் வீட்டு ஆவணமே. காலத்தை அவர்கள் எண்ணால் சொல்வதில்லை. தாது வருசப் பஞ்சம், பிளேக் வந்த காலம், கரண்டு வந்தது, ஸ்டேன்ஸ் மில்லில் சுட்டது (1946 துப்பாக்கிச் சூடு) என்று சொல்வார்கள். தாது என்பது 1876-77. அறுபதாண்டுச் சுழற்சியில் 1936-37-உம் தாதுவே. பஞ்சம் என்ற சொல் கூட வந்தால் ஐயமில்லை. வராவிட்டால் அறுபது ஆண்டுப் பிழைக்கு இடமுண்டு. பிளேக் நோய் கோவையை ஒரு முறைக்கு மேல் தாக்கியது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் அதன் சாட்சி. ஆகவே ‘பிளேக்கில் ஆத்தா செத்தது’ என்ற சொல்லை ஒரே ஆண்டோடு முடிச்சுப் போடாமல், நகராட்சி இறப்புப் பதிவோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். இங்கிலாந்துக் குடும்பத்துக்குத் தலைமுறை மாறினாலும் மாறாத குடும்பப் பெயர் உண்டு. கொங்கில் ஒரு தெருவில் மூன்று மருதாசலம், நான்கு பழனியம்மாள் இருப்பார்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் அதே பெயர் தலைமுறை விட்டுத் திரும்பும். ஆலைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதில் ரங்கண்ணன் ரங்கன் ஆவார், ரங்கசாமியும் ஆவார். பெயர் ஒன்றாயிருப்பதை மட்டும் வைத்து இருவரை ஒருவராகக் கொள்ளக் கூடாது. தந்தை பெயர், ஊர், வேலை செய்த பிரிவு, மனைவி பெயர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது கூடவே பொருந்தினால்தான் அந்த இணைப்பு நிற்கும்.

ஆலைக்குள் வந்தால் வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் முதன்மையானவை. நிரந்தரத் தொழிலாளிக்கு எண் உண்டு. பிறருக்கு மாற்றாக நின்ற பதிலியின் பெயர் சில மாதம் தோன்றும், மறையும், வேறொரு மில்லில் மறுபடி தோன்றும். சிறுவர் வேலைக்குச் சேர்ந்த காலத்துக்கு வயதுச் சான்றும் உண்டு. 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவரைத் தடுத்தது. அவ்வரம்பு 1891-இல் ஒன்பதாகவும், 1922-இல் பன்னிரண்டாகவும், 1948-இல் பதினான்காகவும் உயர்ந்தது. பிறப்புச் சான்று இல்லாத பிள்ளையின் வயதை மருத்துவர் பல்லையும் உடலையும் பார்த்து மதிப்பிட்டார். வீட்டில் சோறு வேண்டியிருந்ததால் பெற்றோர் வயதைக் கூட்டிச் சொன்னதும் உண்டு. பள்ளிப் பதிவேட்டில் தலைமையாசிரியர் சேர்க்கைக்கு ஏற்றபடி எழுதிய பிறந்த நாளும் அப்படியே. ஆகவே இவ்வயதுகளை இரண்டு மூன்று ஆண்டு முன்பின்னாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டங்கள் குடும்ப வரலாற்றுக்கு ஒரு புதையல். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் தமிழகத்தில் முதலில் கோவையில்தான், 1955-இல் தொடங்கியது. ஊர் வழக்கில் அது இஎஸ்ஐ. அதன் பதிவுப் படிவத்தில் மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் விவரம் கேட்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதிச் சட்டமும் 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமும் வாரிசு நியமனப் படிவங்களைக் கொண்டுவந்தன. 1951-52 பொதுத்தேர்தலோடு வந்த வாக்காளர் பட்டியல், சொத்தில்லாத ஆண்களையும் பெண்களையும் கதவிலக்கத்தோடு பெயர் சொல்லி வரிசைப்படுத்தியது.

அதற்கு முந்தைய காலத்தில் தொழிலாளி எழுத்தில் முழுமையாகத் தோன்றுவது பெரும்பாலும் துன்பத்தில்தான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, விபத்தில் ஒருவர் இறந்தால் முதலாளி கட்டும் தொகையை ஆணையர் குடும்பத்தாருக்குப் பிரித்தளிக்க வேண்டியிருந்தது. அந்த வழக்குக் கட்டில் இறந்தவரின் கூலி, விதவையின் பெயர், பிள்ளைகளின் வயது, உயிரோடிருக்கும் தாய் எல்லாம் ஒரே இடத்தில் வரும். பெல்ட்டில் கை சிக்கியவரின் வீட்டை அறிய முடிகிறது. முப்பது ஆண்டு விபத்தின்றி உழைத்தவரின் வீட்டை அறிய முடிவதில்லை. ஆய்வாளர் இச்சாய்வை மறக்கக் கூடாது. இழப்பீட்டுக் கட்டுகளை மட்டும் படித்தால் கோவைத் தொழிலாளர் வாழ்வு முழுவதும் விபத்தாகவே தோன்றும்.

வேலைநிறுத்தங்களும் இத்தகைய எழுத்தை விட்டுச் சென்றன. 1937-38 கிளர்ச்சிகளை ஒட்டி மாகாண அரசு அமைத்த விசாரணையின் ஆவணங்களில் கூலியும் குடும்ப வரவுசெலவும் பேசப்படுகின்றன. சின்னியம்பாளையம் கொலை வழக்கில் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் 11 அன்று ஸ்டேன்ஸ் மில்லில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் உயிரிழந்தனர். தியாகிகள் என்று ஆண்டுதோறும் நினைக்கப்படுவதால் இவர்கள் பெயர் நிற்கிறது. இவர்களுடைய பெற்றோர் எந்த ஊர், உடன்பிறந்தார் எத்தனை பேர், விதவைகள் பின்னர் எப்படிப் பிழைத்தார்கள் என்பதும் வரலாறே. நீதிமன்றக் கட்டு, சிறைப் பதிவேடு, சங்கக் கணக்கு நோட்டு மூன்றையும் சேர்த்துப் படித்தால் அந்த விடைகளை நெருங்க முடியும். நினைவுநாள் கூட்டங்களோடு அந்தக் கடமை முடிந்துவிடவில்லை.

பெண்களின் தடம் இன்னும் மெலிது. ரீலிங் பிரிவில் பெண்கள் பெருமளவில் உழைத்தார்கள். சம்பளப் பதிவேட்டில் அவர்கள் பெயர் உண்டு, மணமானபின் கணவன் பெயரோடு அது மாறும், ஆட்குறைப்பில் நின்றுவிடும். சென்னை மாகாணப் பேறுகாலப் பலன் சட்டத்தின் கீழ் 1930-களின் நடுவிலிருந்து வழங்கிய தொகைக்கான கணக்குகள் எங்கே எஞ்சியிருந்தாலும் அவை அரியவை. தாயின் பெயரையும் பிள்ளை பிறந்த காலத்தையும் அவை சேர்த்துச் சொல்கின்றன.

நகரத்தைத் தாண்டிக் கிராமத்துக்குப் போனால் மணியகாரர் எழுதிய பிறப்பு இறப்புப் பதிவேடு இருக்கிறது. பெயர் வைக்குமுன்பே பதிந்ததால் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்ற சொற்களே பல பக்கங்களில் நிற்கும். சாவுக்குக் காரணம் காலரா, வைசூரி, பேதி, காய்ச்சல் என்ற சில தலைப்புகளில் அடங்கும். நிலம் வைத்திருந்த குடும்பத்தை ‘அ’ பதிவேடு, சிட்டா, அடங்கல், சார்பதிவாளர் அலுவலகப் பத்திரங்கள் வழியே நூறாண்டுக்கு மேலாகத் தொடரலாம். நிலமற்ற பண்ணையாள் அவற்றில் இல்லை. மில்லுக்கு வந்தவர்களில் நிலமிழந்த குடியானவரும் உண்டு, தேவாங்க நெசவாளரும் உண்டு, தலைமுறை தலைமுறையாகப் பிறர் தோட்டத்தில் உழைத்த அருந்ததியரும் உண்டு. மூவருக்கும் ஒரே தேடல்முறை பொருந்தாது. பண்ணையாளின் பெயர் வாய்ப்பிருந்தால் தோட்டக்காரரின் கூலிக் கணக்கிலோ கடன் சீட்டிலோ கிடைக்கும். ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் கிடைக்கும். 1980-இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது பழைய கணக்குகள் எல்லாம் முறையாகக் கைமாறவில்லை. சில இன்னும் கர்ணம் வீட்டுப் பரணில் இருக்கலாம்.

மிகவும் அவசரமானது ஆலை ஆவணம். நலிவுற்ற ஆலைகள் 1974-இல் நாட்டுடைமையாகித் தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் வந்தன. அக்கழகத்தின் கோவை ஆலைகளில் 2020 மார்ச் ஊரடங்கோடு ஓட்டம் நின்றது. ஸ்டேன்ஸ் மில்லும் ரங்கவிலாஸும் அவற்றுள் அடங்கும். தனியார் ஆலைகள் பல அதற்கு முன்பே மூடி, அவற்றின் நிலம் அடுக்குமாடிகளாகவும் வணிக வளாகங்களாகவும் மாறிவிட்டது. சட்டம் இப்பதிவேடுகளைச் சில ஆண்டுகளே காக்கச் சொல்கிறது. அதன்பின் அவை பழைய காகித விலைக்குப் போகின்றன. எஞ்சிய பதிவேடுகளை சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமோ கோவைப் பல்கலைக்கழகங்களோ ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும். அதுவரை சங்க அலுவலகங்களில் உள்ள சந்தா நோட்டுகளையும் மனுக்களையும் படியெடுக்கும் வேலையைக் கல்லூரி வரலாற்றுத் துறைகள் உடனே தொடங்கலாம்.

படியெடுக்கும்போது பதிவேட்டின் சாதிக் கட்டம் தனிக் கவனம் கேட்கிறது. அக்காலக் குமாஸ்தா எழுதிய இழிசொற்கள் பல பதிவேடுகளில் உள்ளன. மூலத்தை மாற்றக் கூடாது. ஆனால் உயிரோடுள்ள பேரப்பிள்ளைகளின் இசைவின்றி அப்பக்கத்தைப் பொதுவில் வைக்கவும் கூடாது. தற்கொலை, சிறைவாசம், வேற்றுச் சாதி மணம் பற்றிய குறிப்புகளுக்கும் இதுவே விதி. வீடுகளிலிருந்து வாங்கும் நோட்டுகளையும் அடையாள அட்டைகளையும் ஒளிப்படம் எடுத்த கையோடு உரியவரிடமே திருப்பித் தந்து, படத்தின் ஒரு பிரதியையும் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். யாரிடம், எந்த ஊரில், எந்தப் பெட்டியில் அது இருந்தது என்ற குறிப்பு ஒவ்வொரு படத்தோடும் சேர்த்து எழுதப்பட வேண்டும்.