ஜாமீனில் போகும் மாணவன்



எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்காக விடியுமுன்பே அப்பாக்கள் வரிசை கட்டி நின்ற ஊர் நம் சென்னை. இங்கே பள்ளிச் சேர்க்கை பற்றிப் பேசக் கொஞ்சம் பயம்தான். ஆனால் நான் சொல்லப்போவது யாரும் விரும்பிச் சேராத பள்ளிக்கூடத்தைப் பற்றி. புழல் மத்திய சிறைக்குள் நடக்கும் வகுப்பு அது.

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய ஜெயிலுக்கு மாற்றாக 2006-இல் திறந்தது புழல். தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. வகுப்பின் தலையெழுத்தும் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. நீண்ட தண்டனை பெற்றவர் அரிச்சுவடியில் தொடங்கி எட்டு, பத்து, பிளஸ் டூ, அஞ்சல்வழிப் பட்டம் என நிதானமாகப் போகலாம். விசாரணைக் கைதி? ஜூனில் 'அ' போடப் பழகுவார். ஆகஸ்டில் ஜாமீன் கிடைத்துவிடும். வாத்தியார் பதிவேட்டில் பெயரை அடிப்பார். மாணவன் நின்றுபோனால் ஆசிரியர் சந்தோஷப்பட வேண்டிய பள்ளி, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்!

இது ஒருசிலர் கதையல்ல. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். மொத்தத்தில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

2012-இல் வேலூர் சிறையிலிருந்து ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதி பேரறிவாளன் பிளஸ் டூவில் 1200-க்கு 1096 வாங்கினார். பத்திரிகைகள் கொண்டாடின, நியாயம்தான். ஆனால் 1991-இல் 19 வயதில் கைதானபோதே அவர் டிப்ளமோ படித்தவர். என் கண் வேறொருவர் மேல். "வீட்டுக்கு ஒரு கடுதாசி எழுதித் தர்றியாண்ணே?" என்று பக்கத்து ஆளிடம் போய் நிற்கிறாரே, அவர் மேல். பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருத்தன் காதில் சொல்லி எழுத வைப்பது எவ்வளவு கூச்சம், யோசித்துப் பாருங்கள்! நேற்றுவரை வக்காலத்தில் கட்டைவிரலை உருட்டியவர், இன்று பேனாவை அழுத்திப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திக் கையெழுத்துப் போடுகிறார். ஒரு நிமிஷம் ஆகிறது. அந்தச் செய்தி எந்தப் பத்திரிகையிலும் வராது.

சரி, ஜாமீனில் வந்த பிறகு? எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. ஆனால் உள்ளே அருகில் இருந்த வாத்தியார் வெளியே இல்லை. தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது, பழைய டி.சி. எங்கே, யாரிடம் கேட்பது? படிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது.

அடையாறு நண்பர்களே, அப்படி ஒருவர் உங்கள் தெருவிலேயே ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவர் வந்து கேட்டால் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள், மாலையில் அரைமணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். முதல் 'அ'வை எங்கே படித்தாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.