“நீ யாரையாவது அழ வச்சியா?”

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது. பிள்ளைகளின் நலன் கருதி பெயர், ஊர் விவரங்களைத் தவிர்த்திருக்கிறோம்.)



கடன் திருப்புதல் பத்தி, தணிக்கை பத்தி எத்தனையோ தடவை இந்த மைக் முன்னாடி நின்னு பேசியிருக்கேன். கை நடுங்கினது இல்லை. இன்னிக்கு நடுங்குது. ஏன்னா இன்னிக்குப் பேசப்போறது கணக்கு நோட்டு பத்தி இல்லை, நம்ம பிள்ளைங்க பத்தி.

தீபாவளிக்கு கோயமுத்தூரில் இருக்கிற என் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். “சித்தி, இதை நீங்க கட்டாயம் பார்க்கணும்” என்று சொல்லி ஒரு படம் போட்டாள். ‘அடாலசென்ஸ்’ என்று பேர். நம்ம பாஷையில் வளரிளம் பருவம். இங்கிலாந்து நாட்டில் எடுத்தது. 2025 மார்ச் மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மொத்தம் நாலு பகுதி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒவ்வொரு பகுதியையும் நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் படம் பிடித்திருக்கிறார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது. அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் பார்த்தேன். பல இடத்தில் அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

விடியற்காலையில் வந்த போலீஸ்

காலை ஆறு மணி. துப்பாக்கியோடு போலீஸ் ஒரு வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறது. யாரைப் பிடிக்க? 13 வயதுப் பையனை. ஜேமி என்று பேர். பயத்தில் அவன் உடுத்தியிருந்த துணியிலேயே ஒண்ணுக்குப் போய்விடுகிறான். அம்மாவும் அப்பாவும் அக்காவும் அழுகிறார்கள். “நான் ஒண்ணும் செய்யலை அப்பா” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவனோடு படிக்கிற கேட்டி என்ற பெண் பிள்ளை முந்தின நாள் ராத்திரி கத்தியால் குத்தப்பட்டுச் செத்துப் போயிருக்கிறாள்.

அந்த ஊர்ச் சட்டப்படி சின்னப் பிள்ளையை விசாரிக்கும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்கணும். பையன் அப்பாவைத்தான் கேட்கிறான். பையன் மேல் தப்பு இருக்காது என்ற நம்பிக்கையோடு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் போலீஸ் கேமராவில் பதிவான படத்தைப் போட்டுக் காட்டுகிறது. குத்தினது அவன்தான். அந்த அப்பா பார்க்கிற பார்வை இருக்கே, அதோடு முதல் பகுதி முடிகிறது.

அப்போ யார் கொலைகாரன் என்று கண்டுபிடிக்கிற கதை இல்லை இது. முதல் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஏன் செய்தான், பெத்தவங்களுக்கு ஏன் தெரியாமல் போச்சு என்பதுதான் மீதிக் கதை.

ஒரு விஷயம் கவனியுங்கள். அது கெட்ட குடும்பம் இல்லை. அப்பா குழாய் வேலை பார்க்கிறவர். சொந்த வண்டி வைத்துக்கொண்டு காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவார். அவரைச் சின்ன வயதில் அவர் அப்பா பெல்ட்டால் அடித்திருக்கிறார். என் பிள்ளையை நான் அடிக்க மாட்டேன் என்று உறுதி எடுத்து, அதன்படியே இருந்தவர். பையனும் ரோட்டில் சுற்றுகிறவன் இல்லை. ஸ்கூல் விட்டால் வீடு, வீட்டுக்கு வந்தால் அவன் ரூம், ரூமில் கம்ப்யூட்டர். கண் முன்னாடி இருக்கான், பத்திரமா இருக்கான் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். நாமளும் அப்படித்தானே நினைக்கிறோம்?

பொம்மைப் படங்களுக்கு உள்ளே

இரண்டாவது பகுதி பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. விசாரிக்கிற போலீஸ் அதிகாரியின் மகனும் அதே பள்ளியில்தான் படிக்கிறான். அவனையும் மற்ற பையன்கள் கிண்டல் பண்ணுகிறார்கள். அவர் அப்பாவாக இருந்தும் அதை முழுசாக அறியவில்லை. அந்த மகன்தான் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க தப்பாப் புரிஞ்சிருக்கீங்க” என்று விளக்குகிறான்.

செத்துப்போன கேட்டி, ஜேமியின் போட்டோவுக்குக் கீழே சில பொம்மைப் படங்கள் போட்டிருக்கிறாள். இமோஜி என்று சொல்கிறோமே, அதுதான். பெரியவர்கள் பார்வைக்கு ரெண்டு பேரும் சிநேகிதமாகப் பேசிக்கொண்ட மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் மத்தியில் அர்த்தமே வேறு. “உன்னை எந்தப் பொண்ணும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள்” என்று எல்லோர் முன்னாடியும் கேலி செய்வது அது. ஒரு மாத்திரைப் படத்துக்கு ஒரு அர்த்தம், ஹார்ட் படத்தின் ஒவ்வொரு கலருக்கும் ஒரு அர்த்தம். பெண்களை மட்டமாகப் பேசி, பையன்கள் மனதில் வெறுப்பை ஏற்றுவதையே தொழிலாக வைத்திருக்கிற ஆட்கள் இன்டர்நெட்டில் இருக்கிறார்கள். இந்த வார்த்தைகள் அங்கேயிருந்துதான் பிள்ளைகளிடம் வருகின்றன.

மூன்றாவது பகுதியில் ஒரு உளவியல் நிபுணர் அம்மா அந்தப் பையனிடம் உட்கார்ந்து பேசும்போது மீதி வெளியே வருகிறது. முதலில், கேட்டி நம்பி அனுப்பின ஒரு அந்தரங்கப் போட்டோவை வேறு ஒரு பையன் எல்லோருக்கும் பரப்பிவிடுகிறான். அவள் தலை குனிந்து நிற்கிறாள். இப்போ கேட்டால் ஒத்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டு ஜேமி அவளைத் தன்னோடு வெளியே வரச் சொல்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். பிறகு அவனைக் கேலி செய்கிறாள். அவன் கத்தியை எடுக்கிறான். கத்தி கொடுத்தது அவன் சிநேகிதன்.

எண்ணிப் பாருங்கள் அக்கா. ஒரு போட்டோ, ஒரு அவமானம், ஒரு கேலி, ஒரு கத்தி. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியில்கூட ஒரு பெரியவர் இல்லை. எந்த அம்மாவுக்கும் தெரியாது, எந்த டீச்சருக்கும் தெரியாது.

இதைச் சொல்வதால் கேட்டி மேல்தான் தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேலி செய்ததற்குக் கத்தி பதில் ஆகாது. வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெண் பிள்ளைக்கும் உரிமை இருக்கு. அந்தப் படத்திலேயே ஒரு பெண் போலீஸ் சொல்கிறார்: கடைசியில் எல்லோரும் அந்தப் பையன் பேரைத்தான் நினைவில் வைப்பாங்க, செத்த பிள்ளையை மறந்துடுவாங்க என்று. எனக்குச் சுரீர் என்றது.

இன்னொரு இடம். சின்ன வயசில் அப்பா அவனைக் கால்பந்து விளையாடக் கூட்டிப் போவார். அவனுக்கு விளையாட்டு வராது. மற்ற அப்பாக்கள் சிரிப்பார்கள். அப்போது அவன் அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அடிக்கவில்லை, திட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைப் பிள்ளை மறக்கவே இல்லை.

என் வீட்டுக் கதை

இங்கிலாந்துக் கதையை இங்கே வந்து ஏன் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். இனிமேல் சொல்லப்போவதுக்காகத்தான் சொன்னேன். சம்பந்தப்பட்ட தங்கச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

2020-இல் கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடினபோது, பாடமெல்லாம் செல்போனில் வருது என்று குழுவில் 9,000 ரூபாய் உள்கடன் எடுத்து ஒரு போன் வாங்கினேன். அப்போ என் மகன் ஐந்தாம் வகுப்பு. கடன் அடைந்துவிட்டது. போன் அவன் கையிலேயே தங்கிவிட்டது.

போன வருஷம் அவன் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, எங்கள் குழுவில் இருக்கிற ஒரு தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். அவள் மகனும் அதே வகுப்பு. பத்து நாளாய் ஸ்கூலுக்குப் போகவில்லை. வயித்துவலி என்று சொல்லியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள், வேப்பிலை அடித்துப் பார்த்திருக்கிறாள். கடைசியில் பாட்டியிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். அவன் திக்கித் திக்கிப் பேசினதை யாரோ போனில் பதிவு பண்ணி, வகுப்புப் பையன்களுடைய வாட்ஸ்அப்பில் போட்டு, தினமும் அதைப் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். பதிவு பண்ணினது என் மகன்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “என் பையன் அப்படிப்பட்டவன் இல்லை. உன் பையன்தான் கூச்ச சுபாவம்” என்றேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். அடுத்த வாரம் கூட்டத்துக்கு வந்தாள், சந்தா கட்டினாள். நான் கொடுத்த டீயை மட்டும் வாங்கவில்லை. அன்னிக்குப் பழைய தீர்மான நோட்டைப் புரட்டும்போது பார்த்தேன். எனக்குப் போன் கடன் கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

அன்னிக்கு ராத்திரி மகனைக் கேட்டேன். “சும்மா விளையாட்டுக்கும்மா, எல்லாரும்தான் சிரிச்சாங்க” என்றான். அவன் அப்பா அடித்துவிட்டார். அடித்ததால் ஒன்றும் வெளியே வரவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டான். மூன்றாம் நாள் நான் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் இருந்தேன். அவனே ஆரம்பித்தான். ஏழாம் வகுப்பில் அவனை எல்லோரும் “கந்துவட்டி” என்று கூப்பிட்டார்களாம். ஏன்? அம்மா வீடு வீடாகப் போய்த் தவணை கேட்கிறாளே, அதனால். ஒரு வருஷம் பூரா அந்தப் பேர். வேற ஒருத்தனைப் பார்த்து எல்லோரும் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் இவனை விட்டார்களாம். அதனால் இவனும் சேர்ந்துகொண்டான்.

ஒரு வருஷம் என் பிள்ளை அழுதிருக்கிறான், எனக்குத் தெரியாது. பிறகு அவனே ஒரு பிள்ளையை அழ வைத்திருக்கிறான், அதுவும் தெரியாது. நம்ம குழுவில் யார் எந்த மாதம் எந்தத் தவணை பாக்கி என்று மட்டும் எனக்கு மனப்பாடம்.

மகனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டான். வகுப்பாசிரியரிடம் சொல்லி, மற்ற பையன்கள் போனில் இருந்ததையும் அழிக்கச் சொன்னோம். முழுசாச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை இப்போ வேறு பள்ளியில் படிக்கிறான். அவன் அம்மா என்னோடு பேசுகிறாள். டீயும் குடிக்கிறாள். என் மகன் எதிரில் வந்தால் அந்தப் பையன் இன்னும் தெரு மாறித்தான் போகிறான்.

அந்தப் படத்தின் கடைசிப் பகுதியில், ஒரு வருஷம் கழித்து அந்த அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து பேசுகிறார்கள். நாம இன்னும் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம் என்று ஒத்துக்கொள்வதே நல்லது என்கிற மாதிரி அந்த அம்மா பேசுகிறாள். அதைப் பார்த்துத்தான் நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். எனக்குக் கொலை வரைக்கும் போகாமல் தெரிந்தது. அவளுக்கு அப்படி வாய்க்கவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் இந்தப் படத்தை உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகக் காட்டலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அந்த நாட்டுப் பிரதமரே ஆதரித்தார். நம்மால் படம் போட முடியாவிட்டாலும் இதையெல்லாம் செய்ய முடியும்.

1. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் “உன்னை யாராவது அடிச்சாங்களா?” என்று கேட்கிறோம். அதோடு, “இன்னிக்கு நீ யாரையாவது அழ வச்சியா? யாராவது அழுததைப் பார்த்தியா?” என்றும் கேளுங்கள்.

2. திடீர் வயித்துவலி, ஸ்கூலுக்குப் போக மறுப்பது, நோட்டு கிழிந்து வருவது, சிநேகிதர்கள் குறைவது, போனை மறைப்பது இதெல்லாம் அடையாளங்கள். மந்திரிக்கிறதுக்கு முன்னாடி பேசிப் பாருங்கள்.

3. சொன்ன உடனே அடிக்காதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த தடவை சொல்லாது. தப்பான பதிவு இருந்தால் அழிப்பதற்கு முன்னால் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. பெண் பிள்ளைகளின் அந்தரங்கப் படத்தை எடுப்பதும் குற்றம், வந்ததை அடுத்தவருக்கு அனுப்புவதும் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டமும் போக்சோ சட்டமும் பாயும். இதை மகன்களுக்குச் சொல்லுங்கள். மகளை மட்டும் உட்கார வைத்துப் புத்தி சொன்னால் போதாது.

5. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்கணும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கூட்டத்துக்குப் போனால் கட்டடம், கழிப்பறையோடு இதையும் பேசுங்கள்.

6. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098-க்கு இலவசமாகப் பேசலாம். இணையக் குற்றத்துக்கு 1930.

அக்கா தங்கைகளே, ஒருத்தி தவணை தவறினால் நாம் பத்துப் பேரும் அவள் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். ஒருத்தி பிள்ளை பத்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் யார் போய் நிற்கிறோம்? இனிமேல் நிற்போம். அவள் வந்து “உன் மகன் இப்படிச் செய்தான்” என்று சொன்னால், நான் சொன்ன பதிலை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

 

குழுக் கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

• நம் குழு உறுப்பினர்களின் பிள்ளைகளில் இந்த மாதம் பள்ளிக்குப் போகாமல் இருப்பவர் யார்? காரணம் கேட்டோமா?

• நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பட்டப்பேர் உண்டா? அது அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா?

• நம் பிள்ளை மேல் ஒருவர் புகார் சொன்னால் முதலில் என்ன சொல்வோம்?