பதினோரு மாத அக்ரிமெண்ட் போதுமா?

(ஹைதராபாத் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயில்வே, வங்கி என்று உத்தியோக நிமித்தமாக செகந்தராபாத் வந்த நம்மவர்கள் பத்மாராவ் நகர், மாரேட்பள்ளி, மல்காஜ்கிரி பகுதிகளில் அரும்பாடுபட்டு வீடு கட்டினார்கள். இன்று பல வீடுகளில் வயதான தம்பதிகள் மட்டுமே. மாடி போர்ஷன் பூட்டிக் கிடக்கிறது. "குடித்தனக்காரர் காலி செய்யாவிட்டால் என்ன செய்வது?" என்ற பயம். அதே சமயம் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மாதாப்பூருக்கு வேலைக்கு வரும் நம் குழந்தைகள் வீடு தேடி அலைகிறார்கள். இரு தரப்பாருக்குமாகச் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். நான் வக்கீல் அல்ல. வங்கியில் சொத்துப் பத்திரங்களைப் பார்த்தே காலம் கழித்தவன்.

முதலாவது, 11 மாத அக்ரிமெண்ட். 1908-ஆம் வருடத்திய பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் கட்டாயம் பதிவு செய்யவேண்டும். அதைத் தவிர்க்கவே நாடெங்கும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். ஆனால் ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசம் 1999-ல் இப்பிரிவைத் திருத்தி, எழுத்து மூலமான எல்லாக் குத்தகைகளையும் பதிவு செய்யவேண்டும் என்று ஆக்கிவிட்டது. 2014-ல் தெலங்கானா பிரிந்த பின்னும் இதுவே நிலை. மற்ற ஊர்களில் செல்லும் தந்திரம் இங்கே செல்லாது.

பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும்? குடியிருப்பு செல்லாமல் போய்விடாது. மாதா மாதம் வாடகை தரும் குடித்தனமாக அது கருதப்படும். ஆனால் இரண்டு மாத நோட்டீஸ், வருடாந்திர வாடகை உயர்வு போன்ற நிபந்தனைகளை அந்தக் காகிதத்தைக் காட்டிக் கோர்ட்டில் நிலைநாட்ட முடியாது. 1882-ஆம் வருடத்திய சொத்து மாற்றுச் சட்டப்படி, மாதக் குடித்தனத்தை 15 நாள் நோட்டீஸில் இரு தரப்பாரில் யாரும் முடித்துக்கொள்ளலாம். பள்ளி வருஷத்தின் நடுவில் குழந்தைகளோடு இருக்கும் குடும்பத்துக்கு இது எத்தனை சிரமம்! பதிவுச் செலவு இருவருக்கும் பாதுகாப்பு.

இரண்டாவது, "பன்னிரண்டு வருஷம் இருந்தால் வீடு அவனுக்கே" என்ற பயம். வாடகை கொடுத்து இருப்பவர் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர். அவர் எத்தனை வருஷம் இருந்தாலும் அதனால் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆகவே ரசீது கொடுப்பதும் வங்கி மூலம் வாடகை பெறுவதும் உரிமையாளருக்கே அனுகூலம்.

மூன்றாவது, வாடகைக் கட்டுப்பாடு. 1960-ஆம் வருடச் சட்டம் இன்னும் உள்ளது. ஆனால் 2005 திருத்தத்துக்குப் பின், மாநகராட்சிப் பகுதியில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைக்கும், கட்டி 15 வருடம் ஆகாத கட்டடங்களுக்கும் அது பொருந்தாது. இன்றைய வாடகையில் பெரும்பாலான வீடுகள் அதற்கு வெளியேதான். இவற்றுக்கு சிவில் கோர்ட்டுதான் வழி. கெடு முடிந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவதோ பூட்டை மாற்றுவதோ சட்டத்துக்குப் புறம்பு.

அட்வான்ஸ் விஷயத்தில், மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகையே உச்சவரம்பு என்கிறது. அது மாதிரி மட்டுமே. மாநிலம் சட்டம் இயற்றினால்தான் கட்டுப்படுத்தும். ஆனாலும் நியாயமான அளவுகோல். எதெதற்குப் பிடித்தம் என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். குடிவரும் அன்றே மின்சார மீட்டர் அளவைக் குறித்து, சுவர், குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது மனஸ்தாபம் வராது.

இன்னொன்று. வீடு வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளையின் பெயரில் இருந்தால், வாடகை தருபவர் வருமான வரி பிடித்துக் கட்டவேண்டும். மாதம் 50,000 ரூபாய் என்ற வரம்பு இங்கே வசிக்கும் உரிமையாளர்களுக்குத்தான், வெளிநாட்டவருக்குக் கிடையாது. குடித்தனக்காரரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சட்டத்தை அறிந்து, ஆளை விசாரித்து, பத்திரத்தைப் பதிவு செய்தால் பயத்துக்கு இடமில்லை. மாடியில் ஒரு குடும்பம் இருந்தால், ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் குரல் கொடுக்க ஒரு துணை. வாடகையைவிட அது பெரிது. பூட்டிய போர்ஷன்களைத் திறக்க யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.