பொறுத்துப் போ என்று சொல்லிவிட்ட நான்

(மருத்துவமனை ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் புதிய கட்டடத்தைப் பற்றியோ எக்ஸ்ரே இயந்திரத்தைப் பற்றியோ பேசுவோம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிந்திருப்பது தெரியும். அதை முறித்தது யார் என்பது தெரியாது. அந்த இரண்டாவது காரியத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்பு திருவக்கரைப் பக்கமிருந்து ஒரு சகோதரி கை முறிந்து வந்தார்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். மாமியார் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாலையில் நான் வார்டுக்குப் போனபோது அந்த அம்மாள் மாத்திரம் இருந்தார்கள். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார்கள். நான் ஜெபித்தேன். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போம்மா, ஆண்டவர் அவரை மாற்றுவார்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். இறையியல் கல்லூரியில் படித்தவன், ஆலோசனை கூறுதல் என்ற பாடத்தில் தேர்வு எழுதியவன். சில மாதங்களில் அதே அம்மாளைப் பயிர் மருந்து குடித்த நிலையில் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். தேவகிருபையால் பிழைத்தார்கள். கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "நீங்க சொன்னீங்கன்னுதான் ஐயா திரும்பிப் போனேன்" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

திருவக்கரையை உங்களில் பலர் கல்மரங்களுக்காக அறிவீர்கள். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பௌர்ணமிதோறும் அங்குள்ள கோயிலுக்கு ஜனங்கள் திரளாக வருகிறார்கள். எங்கள் வார்டு அறிந்த திருவக்கரை வேறு. கல் குவாரி, ஜல்லி கிரஷர், வாரக் கூலி, பக்கத்திலேயே புதுச்சேரி எல்லை. சனிக்கிழமை இரவு எங்கள் நர்ஸம்மாக்கள் யாரும் விடுப்புக் கேட்பதில்லை. கேட்டாலும் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

இது ஏதோ நம் பக்கத்துப் பட்டிக்காட்டு வியாதி என்று எண்ணிவிடாதீர்கள். 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நம் ஆலயத்தின் பெண்கள் பக்கத்து வரிசைகளை மனதில் எண்ணிப் பாருங்கள்.

குடியை ஒழித்தால் அடி நின்றுவிடும் என்று நானும் வெகுகாலம் பிரசங்கித்திருக்கிறேன். கோவாவில் ஒரு முயற்சி நடந்தது. மருத்துவர் அல்லாத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் குடிப்பழக்கமுள்ள ஆண்களோடு நான்கு முறை வரை உட்கார்ந்து பேச வைத்தார்கள். அதன் முடிவு 2017-இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. பலர் குடியை விட்டார்கள். ஆனால் மனைவியை அடிப்பது குறைந்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை. இதை வாசித்தபோது என் பழைய பிரசங்கங்கள் நினைவுக்கு வந்தன. குடியைக் குறித்துப் பேசினால் குடி குறையலாம். அடியைக் குறித்தும் யாராவது பேச வேண்டும்.

யார் பேசுவது? 1970-இல் டாக்டர் ராஜ் ஆரோலேயும் அவர் துணைவியார் டாக்டர் மேபெல் ஆரோலேயும் மகாராஷ்டிராவின் ஜாம்கேட் என்ற வறண்ட ஊரில் ஊழியம் தொடங்கினார்கள். இருவரும் நம் வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். பட்டணத்து டாக்டருக்குத் திறக்காத கதவு அந்தப் பெண்களுக்குத் திறந்தது. மும்பை தாராவியில் 'ஸ்நேஹா' என்ற அமைப்பு இதே வழியில் வன்முறைக்கு எதிராகச் செயல்படுகிறது. குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999-இல் தொடங்கியது. அந்தந்தச் சந்தில் வசிக்கும் பெண்களே 'சங்கினி'களாக இருந்து, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிந்து துணை நிற்கிறார்கள். (சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கும் ஸ்நேஹா என்றே பெயர். நானே இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு கடிதத்தைத் தவறான ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.)

அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களை லைஃப் கோச் என்கிறார்கள். அங்கே தெருவில் துப்பாக்கி ஏந்தித் திரியும் வாலிபரிடம் போய்ப் பேசுகிறவர்களில் பலர், தாங்களே முன்பு அந்த வழியில் நடந்தவர்கள். நாங்கள் 'வழித்துணை' என்று பெயர் வைத்திருக்கிறோம். எங்கள் ஆட்களில் ஒருவர் முன்னாள் கிரஷர் தொழிலாளி. தானும் மனைவியை அடித்தவன் என்று முதல் வகுப்பிலேயே எழுந்து சொன்னார். ஆண்களிடம் அவர் பேசுவதுபோல் நான் பேச முடியாது.

வகுப்பில் கற்றுக்கொடுப்பதைவிட மறக்கச் சொல்வதுதான் அதிகம். புருஷனையும் பெண்சாதியையும் ஒன்றாக உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பேசாதே. அவன் முன்னால் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் இரவில் கணக்குத் தீர்க்கப்படும். மாமியார் பக்கத்திலிருக்கும்போது கேட்காதே, தனியாகக் கேள். பொறுத்துப் போ என்று சொல்லாதே. உடனே கிளம்பி வா என்றும் சொல்லாதே. வீட்டைவிட்டுக் கிளம்பும் சமயந்தான் பல பெண்களுக்கு மிகவும் ஆபத்தான சமயம். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ் இவற்றின் நகலை நம்பிக்கையான வீட்டில் வைக்கச் சொல். எந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்ட வேண்டும் என்று முன்னதாகவே பேசி வை. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம், 181 என்ற எண்ணுக்குப் பேசலாம் என்று சொல். அவள் என்ன முடிவு எடுத்தாலும் அடுத்த வாரமும் போய்ப் பார்.

பயிர் மருந்துப் புட்டி எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், மேலே சொன்ன சென்னை ஸ்நேஹாவின் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும், ஊர்ப் பொதுவான கட்டடம் ஒன்றில் பூட்டுப் பெட்டிகள் வைத்து விவசாயிகளின் மருந்தை அங்கே வைக்கச் செய்தார்கள். விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதும், சாவுகள் குறைவதற்கான அறிகுறி தெரிந்தது என்பதும் 2013-இல் வெளியான அவர்கள் கட்டுரையில் இருக்கிறது. கோபமோ துக்கமோ ஒரு மனுஷனைப் பிடித்து ஆட்டுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் புட்டி கைக்கெட்டாமல் இருந்தால், அநேகர் பிழைத்துக்கொள்கிறார்கள். என் சகோதரியின் வீட்டில் அது அடுப்புக்கு மேலேயே, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்ததாம்.

இதில் தோல்விகளும் உண்டு. ஒரு வழித்துணைப் பெண்ணை அவர் கணவரே, "ஊர்க் குடும்பத்தைக் கெடுக்கப் போகிறாயா" என்று தடுத்துவிட்டார். சாதி குறுக்கே வருகிறது. காலனியிலிருந்து வரும் பெண்ணை ஊர்த்தெரு வீட்டுத் திண்ணையில் உட்கார விடுவதில்லை. சபைக்குள்ளும் இந்த வியாதி இருக்கிறது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியன் விலகிப் போன பகுதியை நான் இப்போதெல்லாம் சற்று மெதுவாகவே வாசிக்கிறேன்.

உங்களிடம் பெரிய தொகை கேட்க வரவில்லை. வழித்துணையாளர் வகுப்புக்கு வரும் நாளில் அவர்கள் இழக்கும் கூலி, பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு. திருவக்கரைப் பக்கம் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு சிறு அறைக்கு வாடகை. அந்தச் சகோதரியை இன்று இங்கே வந்து சாட்சி சொல்லும்படி அழைத்தேன். மறுத்துவிட்டார்கள். பேச மாட்டேன், வகுப்பு நாட்களில் வந்து சமைத்துத் தருகிறேன் என்றார்கள். அடுத்த வகுப்பைப் பௌர்ணமி அன்று மாத்திரம் வைக்க வேண்டாமாம். கோயில் கூட்டத்தில் பஸ் ஏற முடியாதாம்.