அடகு வைத்த தையல் இயந்திரம் திரும்பி வந்த கதை
(தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் நிகழ்த்திய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் நேரே இங்கு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் பலர். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. ஒரு பட்டாளத்துக்காரரின் கதையைச் சொல்லப் போகிறோம். தென்னமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் நாடாவைப் போல நீண்டு கிடக்கும் சிலி நாட்டுக்காரர். பெயர் மார்மதூக்கே குரோவே.

1878இல் கொப்பியாப்போ என்ற சுரங்க ஊரில் பிறந்தார். பீரங்கிப்படை அதிகாரியாகி, ஜெர்மனிக்கும் பயிற்சிக்குப் போய்வந்தார். நம் நாடு தேயிலையை நம்பியிருந்ததைப் போல அன்றைய சிலி வெடியுப்பை நம்பியிருந்தது. வடக்குப் பாலைவனத்தில் அதை வெட்டிய தொழிலாளிக்குப் பெரும்பாலும் கூலி காசாகக் கிடைக்காது. கம்பனி அடித்த வில்லைதான் கிடைக்கும். அந்த வில்லை கம்பனிக் கடையில் மட்டுமே செல்லும், அங்கே விலை வைப்பதும் கம்பனியே. இதை இந்தக் கூட்டத்தில் விளக்க வேண்டியதில்லை.

தொழிலாளர் சட்டங்கள் அங்கே பாராளுமன்றத்தில் ஆண்டுக்கணக்காகத் தூங்கின. 1924 செப்டெம்பரில் இளம் அதிகாரிகள் செனட் சபையின் பார்வையாளர் மாடத்தில் நின்று வாளுறையைத் தரையில் தட்டினார்கள். சில நாட்களில், ஒரே அமர்வில் சட்டங்கள் நிறைவேறின. தொழில் ஒப்பந்தம், விபத்து நட்டஈடு, சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் எல்லாம் அன்றைக்கு வந்தவைதான். அந்த இயக்கத்தில் குரோவேயும் ஒருவர்.

இப்படிப்பட்டவரைப் பக்கத்தில் வைத்திருக்க ஆட்சியைப் பிடித்த கேர்ணல் இபாஞ்யெஸ் விரும்புவாரா? குரோவே இலண்டன் தூதரகத்தில் இராணுவ இணைப்பாளராக இருந்தார். அங்கிருந்தபடியே 1928இல் பிரான்சின் கலே நகரில், நாடு கடத்தப்பட்டிருந்த முன்னாள் ஜனாதிபதி அலெஸ்ஸாந்திரியைச் சந்தித்துச் சர்வாதிகாரத்துக்கு எதிராக உடன்பாடு செய்தார். பதவி போயிற்று. 1930இல் ஆர்ஜென்டீனாவிலிருந்து ஒரு சிவப்பு விமானத்தில் வந்து இறங்கி, கொன்செப்சியோன் நகரத்துப் படையைக் கிளர்ச்சிக்கு அழைத்தார். படை அசையவில்லை. பிடித்து, நடுக்கடலில் கிடக்கும் ஈஸ்டர் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் தப்பித் தாஹித்தி போய்ச் சேர்ந்தார்!

1931இல் இபாஞ்யெஸ் வீழ்ந்தார், குரோவே நாடு திரும்பினார். உலகப் பொருளாதார மந்தத்தில் சிலியைப் போல அடிபட்ட நாடு அரிது. வெடியுப்பு வாங்க ஆளில்லை, சுரங்கங்கள் மூடின, வேலையிழந்தவர்கள் குடும்பத்தோடு சந்தியாகோ நகரத்துக்கு வந்து குவிந்தார்கள். 1932 ஜூன் 4ஆம் திகதி, விமானப்படைத் தளபதியாக இருந்த குரோவே எழுந்தார். தலைநகருக்கு மேலே விமானங்கள் பறந்தன. ஜனாதிபதி விலகினார். சோசலிசக் குடியரசு அறிவிக்கப்பட்டது. குரோவே பாதுகாப்பு அமைச்சரானார்.

அந்த அரசு நிலைத்தது பன்னிரண்டே நாள். ஆனாலும் அது செய்த ஒரு காரியத்தைப் பார்க்க வேண்டும். அரச அடகு நிலையத்தில் ஏழைகள் வைத்திருந்த தையல் இயந்திரங்களையும் தொழிற்கருவிகளையும் உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. தச்சனின் வாள் அடகில் இருந்தால் தச்சன் எதைக் கொண்டு உழைத்து அதை மீட்பான்? காதுத்தோட்டை அடகு வைத்துப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிய தாய்மார் இங்கே இருக்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகளை அரசுடைமையாக்குவது பற்றி அந்த அரசு பேசியதெல்லாம் பேச்சோடு நின்றது. தையல் இயந்திரமோ வீடு வந்து சேர்ந்தது.

பின் ஏன் விழுந்தது? கூட இருந்த டாவிலாவே ஜூன் 16ஆம் திகதி இராணுவத்தின் துணையோடு கவிழ்த்தார். குரோவேக்கு மறுபடியும் ஈஸ்டர் தீவு. தெருவில் ஆதரவு இருந்தது, ஆனால் அதை ஒன்றாகக் கட்டி நிறுத்த ஒரு கட்சியோ பலமான சங்கமோ அவர் பின்னால் இருக்கவில்லை. முகாமிலிருந்து வந்த ஆட்சி, இன்னொரு முகாம் மனம் மாறியதும் போய்விட்டது. எங்கள் கணிப்பு இதுதான். அவருடைய நேர்மையை நாங்கள் சந்தேகிக்கவில்லை.

அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். தீவிலிருந்து அவர் கரை வந்து சேர்ந்ததே வாக்களிப்பு நாளில்தான். ஒரு மேடைகூட ஏறாத அந்த மனிதர் இரண்டாவது இடத்துக்கு வந்தார்! வென்றவர், கலே நகரில் அவரோடு கைகோத்த அதே அலெஸ்ஸாந்திரி.

1933 ஏப்ரலில் சிறு சிறு குழுக்கள் கூடிச் சோசலிசக் கட்சியை அமைத்தன. நம் நாட்டில் சமசமாஜக் கட்சி பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முந்திய சங்கதி இது. 1934இல் அலெஸ்ஸாந்திரி அரசின் சிறையில் இருந்தபடியே குரோவே செனட்டரானார். 1938இல் ஜனாதிபதி வேட்பாளராகத் தமது கட்சி முன்னிறுத்தியபோது, மக்கள் முன்னணி உடையக் கூடாதென்று விலகி, வேறு கட்சிக்காரரான ஆசிரியர் பேத்ரோ அகிர்ரே செர்தாவுக்கு வழிவிட்டார். முன்னணி வென்றது. விமானங்களைப் பறக்கவிட்டதைவிட இதுதான் கடினமான காரியம் என்பது எங்கள் எண்ணம். நாற்காலி அருகில் வந்தபின் எழுந்து இடம் விடுகிறவர்களை நாம் அதிகம் கண்டதில்லை.

கடைசிக்காலம் அவ்வளவு நன்றாக இல்லை. அரசோடு ஒத்துழைப்பதா, விலகுவதா என்ற சண்டையில் கட்சி உடைந்தது. 1944இல் அவர் தனிக்கட்சி கண்டார், அது வளரவில்லை. 1954 மே மாதம் சந்தியாகோவில் காலமானார். 1932இல் அவரது குடியரசை ஆதரித்ததற்காகச் சிறைபோன ஓர் இளைஞர் 1970இல் அந்நாட்டின் ஜனாதிபதியானார். சல்வதோர் அயெந்தே என்ற அவரைப் பற்றி அடுத்த வகுப்பில் பேசுவோம்.